அயர்லாந்து தேசத்து உருளைக்கிழங்கும் அது கற்பிக்கும் பாடமும்

“மழை பெய்தால் விளைகிறது; பொய்த்தால் அழிகிறது; இதில் சங்கம் செய்யக்கூடியது என்ன இருக்கிறது?” என்று ஐக்கிய சங்கத்து அங்கத்தினர் சிலர் பொதுக்கூட்டங்களில் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விடை கூறுவதற்குக் கடல் கடந்த ஒரு சிறு தேசத்தின் விவசாய சரித்திரம் பெரிதும் உதவும். அத்தேசம் அயர்லாந்து, அதன் பயிர் உருளைக்கிழங்கு. ஒரே பயிரையும், அதிலும் ஒரே விதையையும் நம்பி வாழ்ந்த ஜனங்களுக்கு நேர்ந்த கதி யாது என்பதும், பின்னர் அவர்கள் எவ்விதம் தலையெடுத்தார்கள் என்பதும், எந்தப் பயிரைச் செய்யும் குடியானவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயங்களாகும்.

கிழங்கு வந்த வரலாறு

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டீஸ் மலைப் பிரதேசம். இப்பொழுது பெரு, பொலிவியா என்று வழங்கும் தேசங்களின் உயர்ந்த மலைச் சரிவுகளில் அங்குள்ள குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதைப் பயிரிட்டு வந்தனர். அவர்கள் ஒரே வகையை நடுவதில்லை. ஒரே கொல்லையில் பல நிறமும் பல குணமும் உள்ள வகைகளைக் கலந்து நட்டார்கள். பனி ஒரு வகையைக் கெடுத்தால் மற்றொன்று பிழைக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயின் தேசத்தார் இக்கிழங்கை ஐரோப்பாவிற்குக் கொண்டுவந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளோ, அடுத்த நூற்றாண்டின் ஆரம்பத்திலோ அது அயர்லாந்தை அடைந்தது. ஸர் வால்ட்டர் ராலே என்னும் பிரபு அதைக் கொண்டுவந்து நட்டாரென்று ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. யார் கொண்டுவந்திருப்பினும், ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த அத்தேசத்து மண் அக்கிழங்கிற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. முதலில் தோட்டப் பயிராக இருந்தது, பின்னர் ஏழைகளுக்குக் குளிர்கால உணவாயிற்று. முடிவில் வருஷம் முழுவதற்கும் உரிய உணவாகவே ஆகிவிட்டது.

ஏழைகள் அதை நம்பியது ஏன்?

அக்காலத்தில் அயர்லாந்தின் நிலம் பெரும்பாலும் நிலச்சுவான்தார்கள் கையில் இருந்தது. அவர்களிற் பலர் இங்கிலாந்திலேயே வசித்தனர். அவர்களிடமிருந்து பெரிய குத்தகைதாரர் நிலம் பெற்று, அதைத் துண்டு துண்டாக உட்குத்தகைக்கு விட்டனர். நிலமற்ற கூலிக்காரர், ஒரு குடிசையும் அரை ஏக்கர் அல்லது ஒரு ஏக்கர் துண்டு நிலமும் பெற்று, அதற்குரிய குத்தகையைத் தம் உழைப்பால் தீர்த்தனர். ஒரு போகத்திற்கு மட்டும் நிலத்தை வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் பரவியிருந்தது. குடியானவர் விளைவித்த ஓட்ஸ் தானியமும், வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போய்விடும். கிழங்கு ஒன்றே அவர் வயிற்றுக்கு மிஞ்சும்.

இத்தகைய ஏழைக்கு உருளைக்கிழங்கைப் போன்ற துணை வேறில்லை. ஏரும் மாடும் இல்லாமலே மண்வெட்டி ஒன்றைக் கொண்டு பயிரிடலாம். புல் தரையின் மீது சாணத்தையோ கடற்பாசியையோ பரப்பி, அதன் மேல் விதைக்கிழங்குகளை வைத்து, இருபுறமும் கால்வாய் வெட்டி, அந்த மண்ணைப் புரட்டி மேலே மூடுவார்கள். இவ்வாறு அமைந்த மேட்டுப்பாத்திகளில் நீர் தேங்காது. ஓர் ஏக்கர் நிலம் ஒரு குடும்பத்திற்கு வருஷத்தின் பெரும்பகுதிக்கு உணவளிக்கும். உழைக்கும் ஆண்மகன் ஒருவர் நாளொன்றுக்கு 12 முதல் 14 ராத்தல், அதாவது ஏறக்குறைய 6 கிலோ கிழங்கு தின்றாரென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனுடன் மோர் சேர்ந்தால் அதுவே பூரண ஆகாரம். இவ்வுணவினால் ஜனங்கள் திடகாத்திரமாக வளர்ந்தனர், ஜனத்தொகையும் பெருகிற்று. 1841-ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் அயர்லாந்தின் ஜனத்தொகை 81 லட்சத்து 75 ஆயிரம். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் உருளைக்கிழங்கையே முழு ஆகாரமாகக் கொண்டிருந்தனர்.

ஆனால் இக்கிழங்கைத் தானியத்தைப் போல இரண்டு மூன்று வருஷங்களுக்குச் சேமித்து வைக்க முடியாது. கோடையில் பழைய கிழங்கு தீர்ந்து, புதுக் கிழங்கு முற்றாமலிருக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் வருஷந்தோறும் பட்டினி மாதங்களாயின. அப்பொழுது ஏழைகள் உள்ளூர்க் கடைக்காரரிடம் மாவைக் கடனுக்கு வாங்குவார்கள். வட்டியும் விலையும் அவர் சொன்னதே சட்டம். ‘காம்பீன்’ வியாபாரி என்று அந்நாட்டு ஜனங்கள் இவரை அழைத்தனர். விளைந்த பின் கணக்குத் தீர்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த கோடைக்கு மறுபடியும் அதே கடையே கதி. இந்தக் கணக்கை நம் அங்கத்தினர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரே விதையின் ஆபத்து

19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ‘லம்பர்’ என்ற ஒரு வகை எங்கும் பரவியது. அதற்கு ருசி குறைவு. ஆயினும் சாரமற்ற நிலத்திலும், குறைந்த எருவிலும் அமோகமாக விளையும். ஆகவே ஏழைகள் நிலமெங்கும் அதுவே நின்றது.

உருளைக்கிழங்கை வித்திலிருந்து வளர்ப்பதில்லை; கிழங்கையே கண்ணோடு நறுக்கி நடுகிறோம். ஆதலின் ஒரு வகையின் செடிகளெல்லாம் உண்மையில் ஒரே செடியின் துண்டுகளேயாம். ஒரு செடிக்கு எதிர்க்கச் சக்தியில்லாத நோயை, அத்தேசத்தின் கோடிக்கணக்கான செடிகளில் எதுவும் எதிர்க்க முடியாது. ஆண்டீஸ் மலைக் குடிகள் கலந்து நட்டதன் கருத்து இப்பொழுது விளங்கும்.

எச்சரிக்கை முன்பே வராமலில்லை. 1740-41-ல் கடும் பனியினால் கிழங்கெல்லாம் குழிகளிலேயே அழுகி, பெரும் பஞ்சம் ஏற்பட்டு, எண்ணற்றவர் மாண்டனர். ஆயினும் அது பனியின் குற்றமென்று எண்ணப்பட்டதேயன்றி, ஒரே உணவை நம்பியதன் குற்றமாக உணரப்படவில்லை.

1845 முதல் நடந்தது

1845-ஆம் வருஷக் கோடையில் பெல்ஜியம் முதலிய தேசங்களில் ஒரு புது நோய் தோன்றி, செப்டம்பர் மாதத்தில் அயர்லாந்தை அடைந்தது. பசுமையாக நின்ற தழை சில தினங்களுக்குள் கறுத்துச் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு துர்நாற்றத்துடன் குழைந்திருந்தது. நன்றாக இருந்ததென்று குழியில் இட்டு மூடியதும் பின்னர் அழுகிற்று. அவ்வருஷம் விளைவில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் நாசமாயிற்று. 1846-ல் ஏறக்குறைய முழு விளைவும் போயிற்று. விதைக்கு வைத்ததையும் ஜனங்கள் தின்றுவிட்டபடியால், 1845-ல் சுமார் 20 லட்சம் ஏக்கராக இருந்த சாகுபடி, 1847-ல் 3 லட்சம் ஏக்கருக்கும் குறைந்தது. அவ்வருஷம் நோய் அதிகமில்லை. ஆனால் நட்டவர் இல்லை. 1848-ல் ஜனங்கள் ஆசையுடன் நட்டபோது நோய் மீண்டும் வந்தது.

சர்க்கார் என்ன செய்தார்கள்? பிரதம மந்திரியாயிருந்த ஸர் ராபர்ட் பீல் 1 லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கி வரவழைத்தார். அவருக்குப் பின் வந்த மந்திரி சபையார், வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்ற கொள்கையில் உறுதியாயிருந்தனர். நிவாரணச் செலவின் பொறுப்பு லண்டன் பொக்கிஷ இலாகாவின் உதவிக் காரியதரிசி சார்லஸ் டிரவெலியன் என்பவரிடம் இருந்தது. மிகுந்த உதவி ஜனங்களின் சுயமுயற்சியைக் கெடுக்குமென்பது அவர் எண்ணம். இவரே பின்னர் 1859-ல் சென்னை மாகாணத்திற்குக் கவர்னராக வந்தவர். பாதை போடும் வேலையில் 1847 மார்ச்சில் 7 லட்சத்திற்கு மேற்பட்டோர் கூலி வேலை செய்தனர். மாவின் விலைக்கு அக்கூலி கட்டவில்லை. பிறகு கஞ்சித் தொட்டிகள் வைக்கப்பட்டன. அவ்வருஷம் ஜூலையில் நாள்தோறும் 30 லட்சம் பேர் அவற்றில் உணவு பெற்றனர். உயிர்களைக் காத்த ஏற்பாடு இதுவே. ஆயினும் சில மாதங்களில் அது நிறுத்தப்பட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர், அதை விட்டுக்கொடுத்தாலன்றி நிவாரணம் பெறலாகாது என்றும் 1847-ல் சட்டம் செய்யப்பட்டது. நிலத்தை விட்டவர் திரும்ப நிலம் பெறவில்லை.

அதே வருஷங்களில் மாடுகளும், வெண்ணெயும், தானியமும் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்திற்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. உணவு இருந்த இடத்தில் அதை வாங்கப் பணம் இல்லை. 1851-க்குள் பசியாலும், அதைத் தொடர்ந்த விஷ ஜுரங்களாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். 10 லட்சத்திற்கு மேற்பட்டோர் தேசத்தை விட்டு அமெரிக்கா முதலிய இடங்களுக்குச் சென்றனர். 1851-ல் ஜனத்தொகை 65½ லட்சமே. இன்று அத்தீவு முழுவதிலும் வசிப்பவர் சுமார் 70 லட்சம். 1841-ல் இருந்த தொகையை அது இன்னும் எட்டவில்லை.

நோயின் காரணமும் மருந்தும்

அக்காலத்தில் இந்நோயின் காரணம் யாருக்கும் விளங்கவில்லை. சர்க்கார் நியமித்த நிபுணர்கள், கிழங்கை ஈரமின்றி உலர்த்தி வைக்கும்படி போதித்தனர், அதனால் பயனில்லை. 1846-ல் மைல்ஸ் பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார், கெட்ட இலைகளில் காணும் வெண்மையான பூசணமே நோய்க்குக் காரணம் என்று எழுதினார். அநேகர் அதை ஏற்கவில்லை. ஜெர்மானிய சாஸ்திரி ஆன்டன் டி பாரி 1861-ல் சோதனைகளால் அதை ருசுப்படுத்தினார். பூசணம் போன்ற அந்நுண்ணுயிரின் வித்துக்கள் இலையின் அடிப்புறத்தில் உண்டாகி, காற்றினாலும் மழைத்துளியினாலும் வயலுக்கு வயல் பரவுகின்றன. மழைநீருடன் மண்ணில் இறங்கிக் கிழங்கையும் பற்றுகின்றன. முந்திய போகத்தில் நிலத்தில் தங்கிய கெட்ட கிழங்குகளிலும், குப்பையில் எறிந்தவற்றிலும் உயிரோடிருந்து அடுத்த போகத்தில் தலைகாட்டுகின்றன.

1885-ல் பிரான்சு தேசத்து போர்டோ நகரத்து ஆசிரியர் மில்லார்டே, திராட்சைக் கொடியின் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தெளிக்கலாம் என்று கண்டு வெளியிட்டார். உருளைக்கிழங்கிற்கும் அது ஏற்றதென்று விரைவில் தெரிந்தது. அயர்லாந்தின் சிறு குடியானவர்கள் சுண்ணாம்பிற்குப் பதிலாகச் சலவைச் சோடாவையும் கலந்து தெளித்தனர். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது யாதெனில், இம்மருந்து வந்த நோயைப் போக்காது. வரவிருக்கும் நோயைத் தடுக்கும். ஆகவே நோய் தென்படுமுன்பே தெளிக்க வேண்டும். 1950-க்குப் பின், அயர்லாந்து வானிலை ஆராய்ச்சியாளர் ஆஸ்டின் போர்க் என்பவர், ஈரக்காற்றும் வெப்பமும் இன்ன அளவில் இத்தனை மணி நேரம் நீடித்தால் நோய் பரவும் என்று விதி வகுத்தார். அதன்படி அங்கே நோய் எச்சரிக்கைகள் வெளியிடும் முறை ஏற்பட்டது. இன்றும் வானிலை இலாகாவார் அவற்றை வெளியிடுகிறார்கள்.

மறந்த பாடம்

1879-ல் மழையாலும் நோயாலும் மீண்டும் விளைவு குறைந்தது. சர்க்கார் 1880-ல் ஒரு சட்டம் செய்து, குடியானவர்களுக்கு விதைக்கிழங்கைக் கடனாகக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் உண்டான ‘சாம்பியன்’ என்ற வகை இவ்விதம் பரவிற்று. அது நோயை நன்றாகத் தாங்கியது. அதனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? லம்பரை எவ்விதம் எங்கும் நட்டார்களோ, அவ்விதமே சாம்பியனை எங்கும் நட்டார்கள். சில வருஷங்களில் அதன் எதிர்ப்புச் சக்தியும் குன்றியது. நோயும் காலத்திற்கேற்ப மாறும் என்பதை இதனால் அறியலாம்.

சங்கங்கள் தோன்றியது

மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, நல்ல விதையும் கிடைத்தது. ஆனால் ஓர் ஏக்கர் உடையவர் தெளிப்பு யந்திரம் வாங்குவது எப்படி? கலப்பட உரத்தைக் கூடிய விலைக்கு விற்கும் கடைக்காரரிடம் கடன்பட்டிருப்பவர் வேறு கடைக்குப் போவது எப்படி? இவ்விடத்திலேதான் ஐக்கியம் தேவைப்பட்டது.

பிரபு குடும்பத்தில் பிறந்த ஹோரஸ் பிளங்கட் என்பவர், அமெரிக்காவில் பத்து ஆண்டுகள் மாட்டுப் பண்ணை நடத்திவிட்டு 1889-ல் தேசம் திரும்பினார். அவ்வருஷமே லிமெரிக் ஜில்லாவில் டிரம்காலஹர் என்னும் ஊரில் முதல் ஐக்கிய வெண்ணெய்ச் சாலை ஏற்பட்டது. ஒரு சங்கமும் உண்டாவதற்கு முன் தாம் ஐம்பது கூட்டங்களுக்குச் சென்றதாக அவரே எழுதியிருக்கிறார். நம்மில் மனந்தளர்ந்த காரியதரிசிகள் இதை நினைவில் கொள்ளலாம். 1894-ல் அவர் அயர்லாந்து விவசாய ஐக்கிய ஸ்தாபனத்தை நிறுவினார். 1895-ல் கார்க் ஜில்லாவிலுள்ள டோனரேல் என்னும் ஊரில் முதல் விவசாய நாணய சங்கம் தோன்றியது. உரத்தையும் விதையையும் சங்கங்கள் மொத்தமாக வாங்குவதற்காக 1897-ல் ஒரு மொத்த வியாபாரச் சங்கமும் அமைந்தது. டொனிகால் ஜில்லாவில் டெம்பிள்கிரோன் என்னுமிடத்தில், இளமையில் கூலிக்குச் சென்று உழைத்த பாட்ரிக் கல்லாஹர் என்ற ஏழைக் குடியானவர், 1906-ல் சில அயலாருடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். உள்ளூர் வியாபாரிகளின் கடும் எதிர்ப்பைக் கடந்து, அச்சங்கம் இன்றளவும் நடைபெறுகிறது.

ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். வெண்ணெய்ச் சாலைகள் தழைத்தன; நாணய சங்கங்களோ 1908-ல் 250-க்கு மேல் இருந்து, பின்னர் வாடிப்போயின. காரணம் யாது? அவை பெரும்பாலும் சர்க்கார் பணத்திலும் பாங்கிக் கடனிலும் நடந்தன. அங்கத்தினர் தம் பணத்தை டிபாசிட்டாக வைக்கவில்லை. தம் பணம் இல்லாத இடத்தில் கண்காணிப்பும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தவணை தவறினால் கேட்பதற்குப் பஞ்சாயத்தார் தயங்கினர். கணக்குப் பரிசோதனையும் சரிவர நடைபெறவில்லை. பின்னர் 1958 முதல், அங்கத்தினரின் சொந்தச் சேமிப்பையே மூலதனமாகக் கொண்ட புதிய நாணய சங்கங்கள் அங்கே தோன்றி, தேசமெங்கும் வேரூன்றின.

நம் சங்கத்திற்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பு

1846-47-ல் கிழங்கு நோயும் தானிய விளைவின் குறைவும் ஜெர்மனியையும் வாட்டின. அங்கே வையர்புஷ் என்னும் ஊரில் நகராண்மை அதிகாரியாயிருந்த பிரீடரிக் ரைபைசன், பசித்த ஜனங்களுக்கு ரொட்டி கொடுக்க ஒரு சங்கம் அமைத்தார். அவ்வனுபவமே வளர்ந்து, 1864-ல் ஹெட்டஸ்டார்பில் அவர் நிறுவிய கடன் சங்கமாயிற்று. அம்முறையை ஐரோப்பாவில் ஆராய்ந்த ஸர் பிரடெரிக் நிக்கல்சன், 1895-லும் 1897-லும் சென்னை சர்க்காருக்கு அறிக்கை சமர்ப்பித்தார். 1904-ல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது; அவ்வருஷமே திரூரில் சங்கம் ஏற்பட்டது. ஆகவே நாம் உட்கார்ந்திருக்கும் சங்கத்தின் வேர், அந்தப் பஞ்ச காலத்து மண்ணில் இருக்கிறது.

இன்று அயர்லாந்தில் உருளைக்கிழங்கு உயிர் காக்கும் ஒரே உணவன்று; பலவற்றில் ஒன்று. ஆயினும் கார்லோ ஜில்லாவிலுள்ள ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உண்டான ‘ரூஸ்டர்’ என்ற ஒரு வகையே அங்குள்ள சாகுபடிப் பரப்பில் பாதிக்கு மேல் நிற்கிறது. மருந்துக்கு எளிதில் அடங்காத புதிய நோய் வகைகளும் தோன்றியிருக்கின்றன. காவல் ஓய்வதற்கில்லை.

ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். மழையையும் நோயையும் சங்கம் தடுக்க முடியாது என்பது மெய்யே. ஆனால் அயர்லாந்தில் பத்து லட்சம் பேரைக் கொன்றது நோய் மட்டுமன்று. மாற்றுப் பயிர் இல்லாமை, மாற்று விதை இல்லாமை, கையில் சேமிப்பு இல்லாமை, கடைக்காரரை விட்டால் வேறு துணை இல்லாமை ஆகிய இந்நான்கும் சேர்ந்தே கொன்றன. இந்நான்கையும் நீக்குவது சங்கத்தின் கையில் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: நம் கிராமத்தில் ஒரே ரகம் எத்தனை ஏக்கரில் நிற்கிறது? இவ்வருஷம் விளைவு போனால் அடுத்த வருஷத்து விதை எங்கே இருக்கிறது? நம் சங்கத்திலுள்ள பணத்தில் நம்முடைய டிபாசிட்டு எவ்வளவு? தவணை தவறியவரைக் கேட்க நமக்குத் தைரியம் உண்டா? இவற்றிற்கு நல்ல விடை கூறக்கூடிய சங்கம், விளைவு பொய்த்த ஆண்டிலும் தன் அங்கத்தினரைக் கைவிடாது.